ஓர்கனுக்கு வைத்த பொட்டு

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணியானால் நான் கதிரையில் ஏறி நிற்க வேண்டும். நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு விறாந்தையின் கூரையில் ஒட்டியிருக்கிற புகைமணியைக் கழற்றத்தான். என் மனைவி சுகந்தி குசினியில் கரித்துண்டைப் பழுக்க வைத்துக்கொண்டே குரல் கொடுப்பாள். "இஞ்சருங்கோ, உதைக் கழட்டியாச்சோ? நான் சாம்பிராணி போடப்போறன்." போன வெள்ளி மறந்துபோனேன். மணி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் செருப்பும் இல்லாமல் ஓடிவந்து, வாசலில் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, "ஓ, வெள்ளிக்கிழமையா" என்று சொல்லிப் போய்விட்டார். நல்ல மனிதர். இருபது வருடத்தில் பழகிவிட்டார்.

சாம்பிராணி வாசம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்கு பிங்கோ ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதியில் நான் லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தேன். ஆறு பேர், இரண்டு அறை, தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கேத்தில். அங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் ஒரு பழைய தியேட்டர். வெளியே பார்த்தால் செங்கல் கட்டடம். உள்ளே போனால் மாளிகை. ஆள் உயரத்துக்கு மேலே கண்ணாடிகள், பொன்முலாம் பூசிய தூண்கள், சலவைக்கல் படிகள். மழையில் நனைந்து வருகிற தொழிலாளிகள் ஒரு பின்னேரமாவது ராசா மாதிரி இருக்கட்டும் என்று முப்பதுகளில் யாரோ கட்டியது. ஊரில் பூமிசாஸ்திரம் படிப்பித்த மாஸ்டராகிய நான் அந்த மாளிகையில் கக்கூஸ் கழுவுகிற உத்தியோகத்தில் சேர்ந்தேன். பிறகு பதவி உயர்வு பெற்று பல்ப் மாற்றவும் திறப்புக்கோர்வையை இடுப்பில் கட்டவும் உரிமை பெற்றேன். நடக்கும்போது கிலுங்கும். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.

அப்போது அங்கே படம் ஓடவில்லை. பிங்கோதான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மேடையில் ஒருவர் இலக்கம் கூப்பிடுவார். கீழே இருநூறு பெண்கள் குனிந்து தங்கள் தாளில் அந்த இலக்கத்தை வெட்டுவார்கள். முதலில் முழுத் தாளையும் வெட்டியவர் கத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த அமைதி இருக்கிறதே! எத்தனையோ பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை பார்த்தவன் நான். அப்படி ஓர் அமைதியை என் மாணவர்களிடம் ஒருநாளும் கண்டதில்லை.

அங்கே ஓர்கன் என்கிற ஒரு பெரிய குழாய் வாத்தியம் இருப்பது எனக்கு மூன்று மாதம் தெரியாது. மேடைக்கு முன்னால் பலகை அடித்து மூடிய ஒரு குழி இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பலகைக்குள்ளே இருந்து ஒரு வெள்ளைக்காரத் தலை வெளியே வந்தது. நான் கையில் இருந்த விளக்குமாற்றை ஓங்கிவிட்டேன். தலை என்னைப் பார்த்து, தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டது. அவர்தான் கீத். பஸ் சாரதி. கிழமையில் ஒருநாள் லீவு, அந்த ஒருநாளை மற்றவர்கள் மனைவியோடோ பியரோடோ கழிக்க, இவர் ஓர்கனோடு கழித்தார். மனைவி இருந்தாராம், போய்விட்டாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளைப் பார்த்தாலே விளங்கியது.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கீத் தமிழில் பேசியவர் அல்ல. ஆனால் என் ஞாபகத்தில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள், மகாராணி உட்பட. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இது பியானோ எண்டு நினைச்சியளோ?" என்று கீத் கேட்டார். குழிக்குள்ளே குதிரை லாடம் போல வளைந்த ஒரு பெரிய மேசை. மூன்று வரிசைக் கட்டைகள், அதற்கு மேலே வளைவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன நாக்குகள். ஒவ்வொரு நாக்கையும் கீழே தட்டினால் ஒவ்வொரு குரல் வரும். புல்லாங்குழல், வயலின், மனிதன் மூக்கால் பாடுகிற மாதிரி ஒன்று. மேசை ஏறி நிற்பது ஒரு லிப்ட் தட்டில். அந்தக் காலத்தில் இடைவேளைக்கு விளக்கை அணைத்ததும் நிலம் பிளந்து, வாசிக்கிறவரோடு சேர்ந்து மேசை மேலே எழும்பி வருமாம். நம் நாடகத்தில் முனிவர் தோன்றுகிற மாதிரி, ஆனால் கோட் சூட்டோடு.

ஆனால் மேசையில் சத்தம் இல்லை. சத்தம் மேடைக்கு இரண்டு பக்கமும், பூவேலை செய்த சாந்துச் சல்லடைகளுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் இருந்தது. ஏணியில் ஏறிப் போனால் குழாய்க் காடு. பென்சில் அளவில் இருந்து, நான் உள்ளே படுத்து உறங்கக்கூடிய அளவு வரை. நிலவறையில் ஒரு மோட்டர். அது ஒரு பெரிய காற்றாடியைச் சுழற்றி, அந்த அறையில் இருக்கிற காற்றை உறிஞ்சி, ஆள் தவழக்கூடிய தகரக் குழாயின் வழியே மேலே தள்ளும். கட்டையை அழுத்தினால் மின்சாரம் ஓடி, ஒரு சின்னத் தோல்பையில் காற்றுப் போய், அது ஒரு மூடியைத் திறந்து, குழாய் பாடும். இவ்வளவும் கண் இமைப்பதற்குள். நிலவறைக் காற்றுத்தான் மேலே பாட்டாக வருகிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

கீத் எனக்கு மூலையில் இருந்த ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பேசாத படக் காலத்தில் ஓர்கன்தான் மழை, ரயில், பறவை, சண்டை எல்லாம். பெட்டிக்குள் மேளம், தாளம், ரயில் ஊதி, தண்ணீர்க் கிண்ணத்தில் மூக்கை வைத்துக் கூவுகிற ஒரு தகரக் குருவி. குதிரை ஓடுகிற சத்தத்துக்கு என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? தேங்காய்ச் சிரட்டை. சத்தியமாக. இரண்டு பாதிச் சிரட்டை, ஒரு பலகையில் டக்கு டக்கு என்று தட்டும். லண்டனில் ஒரு நல்ல தேங்காய்க்கு நான் கடை கடையாக அலைந்துகொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரன் ஐம்பது வருடமாக அதை ஒரு பெட்டியில் பூட்டி வைத்துக் குதிரை விட்டிருக்கிறான்.

இந்த ஓர்கனின் சரித்திரத்தையும் கீத் சொன்னார். முதலில் தியேட்டர்களில் இருபது வாத்தியக்காரர் இருந்தார்கள். ஓர்கன் வந்து அந்த இருபது பேரையும் வீட்டுக்கு அனுப்பியது. பிறகு படம் பேசத் தொடங்கி ஓர்கனுக்கு வேலை இல்லாமல் செய்தது. எங்கள் மண்டபம் கட்டும்போதே படம் பேசத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஓர்கனை வாங்கி வைத்தார்கள், தாலி கட்டி முடிந்த பிறகு மேளக்காரரைக் கூப்பிட்ட மாதிரி. இடைவேளைக்கு வாசித்தது. பிறகு டெலிவிஷன் வந்து படத்தை அனுப்பியது, பிங்கோ வந்தது. வேலை பறிபோனவர்களின் வரிசையில் கடைசியாக நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஓர்கன் மேல் ஒரு சொந்தம் உண்டானது.

கீத் என்னிடம் ஓர் உதவி கேட்டார். காற்றுப் போகாவிட்டால் அந்தத் தோல்பைகள் காய்ந்து வெடிக்கும். "கிழமைக்கு ரெண்டு தரம், பத்து நிமிசம் மோட்டரைப் போட்டு விடுவியளோ? டெரிக்குக்குச் சொல்ல வேண்டாம்." டெரிக் எங்கள் மனேஜர். கெட்டவர் இல்லை, ஆனால் ஓர்கன் என்றால் அவருக்குச் சொத்தைப் பல். அதன் மோட்டர் இருந்த நிலவறையில் உடைந்த கதிரைகளை அடுக்க ஆசைப்பட்டார். மேலிடத்தில் ஓர்கனை அகற்ற அனுமதி கேட்டு, பழைய சாமான், பத்திரமாய் இருக்கட்டும் என்று பதில் வந்ததில் மனம் நொந்து போயிருந்தார். நான் காலையில் ஆள் வருமுன் மோட்டரைப் போடுவேன். மேலே தோல் ஓட்டைகளால் காற்றுக் கசிகிற சத்தம் சர் என்று வரும். ஒரு தடித்த குழாய் மட்டும் யாரும் கட்டையைத் தொடாமலே தானாக முனகும். கீத் அதைத் திருத்திப் பார்த்துக் களைத்துவிட்டார்.

இனி என் சொந்தப் பிரச்சினை. கலியாணம் முடித்து நாற்பத்தோராம் நாள் நான் கொழும்பில் பிளேன் ஏறியவன். சுகந்தி அந்தக் கொழும்பிலேயே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், ஒரு தூரத்து உறவுக்காரியோடு மூன்று வருடமாகக் காத்திருந்தாள். இரண்டு தரம் விசாவுக்கு மறுப்பு. மூன்றாவது தரம் எல்லாம் சரி, ஒன்றே ஒன்று மிச்சம்: எனக்கு நிரந்தர வேலை உண்டு என்று வேலைகொள்வோர் கையெழுத்திட்ட கடிதம். டெரிக்கிடம் கேட்டேன். "ஓம், எழுதித் தாறன்" என்றார். ஆறு கிழமையாக எழுதித் தந்துகொண்டே இருந்தார். தவணை முடிய இன்னும் பத்து நாள். பிந்தினால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். இந்த முறையும் சரிவராவிட்டால் ஊருக்கே திரும்பிப் போய்விடுவேன் என்று சுகந்தி எழுதியிருந்தாள். ஊரில் அப்போது யுத்தம் என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. 

அதே கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. "வாற சரஸ்வதி பூசைக்கு நீங்கள் வேலை செய்யிற மெஷினுக்கு இந்த முறையாவது ஒரு பொட்டு வையுங்கோ. பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு நல்ல நேரம். செய்தால் எல்லாம் சரிவரும். எனக்குத் தெரியும்."

நான் வேலை செய்யிற மெஷின் நிலம் கூட்டுகிற தும்புத்தடி என்று அவளுக்கு நான் எழுதியிருக்கவில்லை. பெரிய மோட்டர் ஒன்றுக்குப் பொறுப்பாய் இருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். ஆயுதபூசை மோட்டருக்குத்தான் செய்ய வேண்டும்.

எனக்கு இந்த விஷயங்களில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் பத்து நாள் மட்டும் மிச்சம் இருக்கிற மனிதன் நாத்திகம் பேச மாட்டான். தூட்டிங் கடைத்தெருவில் சாம்பிராணி வாங்கினேன். ஒரு கடைக் கலண்டரில் இருந்து சரஸ்வதியை வெட்டி எடுத்தேன். அவல் கிடைக்கவில்லை, கோர்ன்ஃபிளேக்ஸில் சீனி போட்டு வைத்தேன். வாழைப்பழம் இரண்டு. பிஸ்கற் தகரத்தின் மூடியில் கரித்தணல். மூன்று மணி அடித்ததும் நிலவறைக் கதவைச் சாத்திவிட்டு, மோட்டரின் நெற்றியில், அதாவது நெற்றி மாதிரி இருந்த இடத்தில், சந்தனம் குழைத்துப் பூசி நடுவில் குங்குமப் பொட்டு வைத்தேன். வடிவாய்த்தான் இருந்தது. தணலில் சாம்பிராணியைத் தாராளமாகத் தூவினேன். சும்மா நிற்கிற மெஷினுக்கு என்ன பூசை? மின் ஆளியைப் போட்டேன். மோட்டர் இரைந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் அறையில் ஒரு துளி புகை இல்லை. சரஸ்வதி ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்து இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன்.

புகை எங்கே போனது என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். மாஸ்டருக்கு விளங்கவில்லை.

மேலே பிங்கோ உச்சத்தில் இருந்தது. பிறகு பார்த்தவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். இருநூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருக்க, முதலில் எங்கிருந்தோ ஒரு முனகல். பிறகு மேடைக்கு இரண்டு பக்கமும் சாந்துப் பூக்களின் இடுக்குகளால் வெள்ளைப் புகை திரள் திரளாக இறங்கி வந்ததாம். இலக்கம் கூப்பிட்டவர் நடுவிலே நிறுத்திவிட்டார். யாரோ "நெருப்பு" என்று கத்தினார்கள். ஓட வேண்டியதுதானே? முன்வரிசையில் இருந்த ஐரிஷ் கிழவிகள் ஓடவில்லை. அவர்களுக்கு அந்த வாசம் தெரியும், கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்குப் பூசை முகர்ந்த வாசம். பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருத்திக்கு ஒரே ஓர் இலக்கம் மிச்சமாம். வந்தது தெய்வமானாலும் சரி, நெருப்பானாலும் சரி, அந்த இலக்கத்தைக் கூப்பிடாமல் தான் எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தாளாம்.

தீயணைப்பு வண்டி வருமுன் டெரிக் நிலவறைக்கு வந்துவிட்டார். நான் தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டேன். ஆனால் சரஸ்வதி இருந்தாள், கோர்ன்ஃபிளேக்ஸ் இருந்தது. டெரிக் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாழைப்பழத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"மோட்டர் புகைச்சதோ?"

"இல்லை சேர். இது நான்..."

"நான் உன்னை ஒண்டும் கேக்கேல்லை. மோட்டர் புகைச்சது. பழைய மோட்டர். விபத்துப் புத்தகத்திலை அப்பிடி எழுது." கொஞ்சம் நிறுத்தி, வேறு எதையோ பார்த்துக்கொண்டு சொன்னார். "எழுதிப்போட்டு மேலை வா. உன்ரை கடிதத்தையும் இண்டைக்கே முடிப்பம்."

பொய்யை எழுதினால் ஓர்கன் போகும், உண்மையை எழுதினால் வேலை போகும், வேலை போனால் கடிதம் இல்லை. இதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அரை மணித்தியாலம் அவகாசம் கேட்டு, தெருமுனை டெலிபோன் பெட்டியில் இருந்து எங்கள் வீட்டுச் சிவா அண்ணைக்கு எடுத்தேன். அறையில் எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் புத்தி சொல்கிறவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"விசரே உனக்கு? உந்தக் குழல்பெட்டி உனக்கு மாமனோ மச்சானோ? எழுதிக் குடுத்திட்டு பெஞ்சாதியைக் கூப்பிடு."

எழுதினேன். விபத்துப் புத்தகத்தில், கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், 'மோட்டரில் இருந்து புகை வந்தது' என்று. கையெழுத்தும் போட்டேன். டெரிக் என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவருடைய பேனையில் மை முடிந்து என்னுடைய பேனையையே கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மோட்டருக்குப் போகிற மின்சாரத்தை வெட்டினார்கள். தகரக் குழாய் மேலே போகிற ஓட்டையைச் செங்கல் வைத்துச் சீமெந்து பூசி அடைத்தார்கள், நிலவறை நெருப்பு மண்டபத்துக்கு ஏறாமல் இருப்பதற்காக. பத்திரமான வேலை, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கீத் வந்தார். டெரிக் விஷயத்தைச் சொல்லி, என்னோடு நிலவறைக்கு அனுப்பினார். கீத் கீழே குந்தியிருந்து, மோட்டரின் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி தொட்டுப் பார்த்தார். மூடியைக் கழற்றி முகர்ந்தார்.

"போன கிழமைதான் எண்ணெய் விட்டனான். இது எரியேல்லை."

 அவருடைய விரல் நகர்ந்து, காய்ந்துபோன சந்தனத்தில் நின்றது. நடுவில் சிவப்பாக என் பொட்டு. துடைக்க மறந்துபோனேன் பாருங்கள்.

"இந்தச் சிவப்பு என்ன?"

"தெரியாது" என்றேன்.

கீத் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தன் கழுத்தில் கிடந்த துவாய்த் துண்டை எடுத்து மோட்டரின் மேல் விரித்து மூடிவிட்டு, தேத்தண்ணிக்கும் நிற்காமல் போய்விட்டார். பிறகு அவர் வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைகள் எனக்குப் பொல்லாத செவ்வாய்க்கிழமைகளாக இருந்தன. இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு ஒன்றைக் கொட்டுவேன்.

மார்கழியில் சுகந்தி வந்து இறங்கினாள். சிவா அண்ணையின் கோட் அவளுடைய கணுக்கால் வரை தொங்கியது. ஹீத்ரோ விமான நிலையத்தில் முதல் வார்த்தையாக அவள் கேட்டது நான் சுகமா என்றல்ல. "பூசை செய்தனீங்கள் என்ன? பாத்தியளே, நான் சொன்னனான்."

செய்தேன் என்றேன். அது பொய் இல்லை.

வந்து நாலைந்து நாளில் அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போக பஸ்ஸை மறித்தேன். கதவு மடிந்து திறந்தது. சாரதி இருக்கையில் கீத். எனக்கு ஏறுவதா இறங்குவதா என்று தெரியவில்லை. பின்னால் சனம் தள்ளியது. காசை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், குளிரில் மூக்குச் சிவந்து, தலை நிறைய எண்ணெய் வைத்து, நெற்றியில் சந்தனமும் அதன் நடுவில் குங்குமமுமாக நின்ற சுகந்தியைப் பார்த்தார். அந்த நெற்றியையே பார்த்தார். பின்னால் ஒருவர் இருமினார்.

"ஓ," என்றார் கீத். "இதுக்குத்தானோ."

"ஓம்" என்றேன். 

"எவ்வளவு காலம் காத்திருந்தனீங்கள்?"

"மூண்டு வருசம்."

என் காசை மெல்ல என் பக்கமே தள்ளிவிட்டார். "அப்ப சரி. போய் இருங்கோ, விழுந்திடப் போறா."

இருக்கையில் அமர்ந்ததும் சுகந்தி கையைப் பிடித்தாள். "என்னவாம் அந்த மனுசன்? என்னையே பாத்தவர்?"

"உன்ரை பொட்டு வடிவாயிருக்காம்" என்றேன்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது, குளிருக்கு என்று சொல்லிச் சமாளித்தேன்.

தொண்ணூறுகள் முடிவதற்குள் பிங்கோவும் போய்விட்டது. சல்லடைகளை உடைத்தபோது உள்ளே இருந்த குழாய்களை யாரோ பழைய உலோகமாகப் பாரம் நிறுத்து ஏற்றிப் போனார்களாம். சிரட்டைகள் எந்தக் குப்பையில் விழுந்தனவோ. இப்போது அங்கே மாடிவீடுகள். டெரிக் இல்லை, சிவா அண்ணை இல்லை, அந்த விபத்துப் புத்தகம் இருக்க வழியில்லை. கீத்தைப் பிறகு நான் காணவில்லை. அந்த பஸ்ஸின் இலக்கமும் மாறிவிட்டது.

சுகந்தி மட்டும் மாறவில்லை. சரஸ்வதி பூசைக்குச் சலவை மெஷினுக்கும் பேரப்பிள்ளைகளின் கொம்பியூட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு, வந்தவர்களுக்குச் சொல்லுவாள்: "இவர் அந்தப் பெரிய மோட்டருக்குப் பொட்டு வைச்சபடியாத்தான் நான் இஞ்சை வந்தனான். வந்த கிழமையே ஒரு வெள்ளைக்கார பஸ் ட்ரைவர் என்ரை பொட்டைப் பாத்து வடிவெண்டு சொல்லி, காசும் வாங்கேல்லை. உப்பிடி நல்ல மனுசர் இப்ப எங்கை இருக்கினம்?"

நான் கதிரையில் ஏறிப் புகைமணியை மறுபடி மாட்டிக்கொண்டே, இல்லைத்தான் என்று சொல்லுவேன்.